மூன்று கூடை, ஒரு குழி

குப்பை வாங்கப் போகிறவனை எந்த வீட்டிலும் "வாங்க" என்று சொன்னதில்லை. ஆனால் அவன் ஒரு நாள் வராமல் இருந்து பார்க்கட்டும், ஊரே பேர் சொல்லித் தேடும்.

கோயிலுக்கு நன்கொடை, வாசகசாலைக்குச் சந்தா, தேர்தலுக்கு ஓட்டு என்று வீடு வீடாகப் படியேறிக் கால் தேய்ந்த அன்பர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே விளங்கும். நீங்களாவது வீட்டில் இருக்கிற நல்ல பொருளைக் கேட்டீர்கள். நான் கேட்டது வெண்டைக்காய்க் காம்பும் வாழைப்பழத் தோலும். அதையும் தரமாட்டேன் என்றார்கள்.

ஆறு மாத உத்தியோகம்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போனால் வருகிற சின்ன ஊர். சென்னை ராஜ்யத்திலிருந்து கேரளத்துக்குக் கைமாறிய புதுசு. வீட்டுக் குப்பையையும் தோட்டத்துச் சருகையும் மக்கவைத்துக் கம்போஸ்ட் உரம் செய்வதென்று பஞ்சாயத்தில் திட்டம் போட்டார்கள். குளத்து மேட்டில் நீளமாக மூன்று குழி, ஒற்றைக் காளை வண்டி ஒன்று, மேஸ்திரி ஒருவன். அந்த மேஸ்திரி நான். மூணாறுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், பங்களா ரோஜாச் செடிகளுக்கு இரண்டு வருஷம் உரக்குழி போட்டவன் என்பதுதான் என் தகுதி.

மலையை விட்டு நான் இறங்கியது பாவாயிக்காக. மாமன் மகள். மாமன் பிழைக்க வந்து இந்தச் சீமையிலேயே தங்கிவிட்டதால் அவள் பேச்சும் இந்த ஊர்ப் பேச்சு. கல்யாணம் ஆனதும் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பதினோரு நாள் இருந்தாள். காலில் அட்டை, மூக்கில் சளி, கண்ணில் தண்ணீர். பன்னிரண்டாம் நாள் தகரப் பெட்டியோடு ஜீப்புக்கு நின்றுவிட்டாள். நானும் பின்னாலேயே இறங்கி வந்து ஆறு மாதம் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை இது.

உத்தரவு ஆறு மாதத்துக்குத்தான். சித்திரை விஷு கழிந்து முதல் உழவுக்குக் குடியானவர்கள் இந்த உரத்தை எடுத்துப்போனால் வேலை ஸ்திரம். எடுக்காவிட்டால் குழியை மூடிவிட்டு நான் மலையேற வேண்டியதுதான். எஸ்டேட் தேயிலை பாக்டரியில் இடம் பார்த்து வைத்திருப்பதாக அங்கே இருந்த அண்ணன் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தான். அதாவது நானும் பாவாயியும் ஒரே வீட்டில் இருப்போமா என்பது அந்தக் குழி மக்கிச் சூடாவதைப் பொறுத்திருந்தது. உத்தரவைக் கையில் கொடுத்த பிரசிடெண்ட் சொன்னார்: "உங்களை ஸ்திரமாக்கறது என்ற கையில இல்லீங்க மேஸ்திரி, அது குழி கையில இருக்குதுங்க."

சர்க்கார் உத்தரவு

முதல் நாள் கிழக்குத் தெருவில் பன்னிரண்டு வீட்டில் ஏறி இறங்கினேன். எல்லோரும் நல்ல முகமாகத்தான் பேசினார்கள். கொடுக்கத்தான் ஒன்றுமில்லை. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் வாசல் மூலையில் ஒரு மண்தாழியில் விழும். மாடு உள்ளவர்கள் மாட்டுக்கு வைப்பார்கள். மாடில்லாத வீட்டுத் தாழி மாராக்காளுக்கு.

மாராக்காள் இரண்டு எருமைகளை வைத்துப் பிழைப்பவள். காலையில் தலையில் ஒரு பானையும் இடுப்பில் ஒரு பானையுமாக வந்து தெருத் தெருவாகத் தாழிகளைக் காலி செய்துகொண்டு போவாள். பதிலுக்கு வீட்டுக்கு ஒரு செம்பு மோர். நான் பஞ்சாயத்துக் காகிதத்தை அவளிடம் நீட்டி, இனிமேல் ஊர்க் குப்பையெல்லாம் பஞ்சாயத்துக்குத்தான், இது சர்க்கார் உத்தரவு என்றேன். அவள் இடுப்புப் பானையை இறக்கி வைத்தாள். என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "அந்த உத்தரவை என்ற எருமைகிட்டப் படிச்சுக் காட்டுங்க. அது ஒத்துக்கிச்சுன்னா எனக்கும் சம்மதந்தானுங்க."

டீக்கடையில் கேட்டது

காய்த்தோல் கிடைக்காமல் போனதும் தேயிலைச் சக்கை ஞாபகம் வந்தது. பங்களாக் குழியில் அதைப் போட்டால் சீக்கிரம் சூடு ஏறும். பஸ் நிற்கிற முக்கில் ஒரு டீக்கடை இருந்தது. காலையில் உட்கார பெஞ்சில் இடம் கிடைக்காது. அவ்வளவு ஓட்டம் இருக்கிற கடையில் கூடை கூடையாகச் சக்கை விழும் என்று நம்பிப் போனேன்.

கூட்டம் நிறைந்திருந்த நேரம். தினமும் சக்கையை எனக்காக எடுத்து வைக்கும்படி கடைக்காரரிடம் கேட்டேன். அவர் நிமிராமலே, சக்கை ஒன்றும் இல்லை என்றார். எங்கே போகிறது என்றேன். அவர் தேயிலைத் துணிப்பையைக் கொதிக்கிற தண்ணீரில் இன்னொரு தரம் முக்கினார். நானும் விடாமல், இத்தனை டீ போட்டால் சக்கை இல்லாமல் எப்படி என்று நியாயம் கேட்டேன். பெஞ்சு ஓரத்தில் இருந்த ஒருவர் பாதி குடித்த கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "மேஸ்திரி, நீங்க தேடறது கெடச்சுப்போச்சுங்க. இத்தன நாளா அதை நாங்கதான் குடிச்சுட்டு இருந்திருக்கறமுங்க."

வெள்ளையன்

மறுநாளிலிருந்து டீக்கடைக்காரர், ஊர் பார்க்க, ஒரு தகர டப்பா நிறையச் சக்கை கொடுக்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து இன்னும் சில வீடுகளிலும் மனம் இளகியது. கூடையில் முட்டைக்கோஸ் இலை, பூசணிக் குடல் என்று பச்சையாக ஏதாவது விழ ஆரம்பித்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆனால் குளத்து மேட்டுக்குப் போய் வண்டியைக் கவிழ்த்தால் சருகும் சாம்பலும்தான் விழும். நான்கைந்து நாள் இந்த மாயம் புரியவில்லை.

வாங்கிய கூடையை வண்டிக்கு முன்னால் இறக்கிவிட்டு அடுத்த வீட்டு வாசலில் கம்போஸ்டின் மகிமையைப் பேசப் போவது என் வழக்கம். நான் பேசி முடிப்பதற்குள் வண்டிக் காளை வெள்ளையன் சாப்பிட்டு முடித்துவிடும். ஊர்க் காளைகளில் அந்த மாதம் உடம்பு தேறியது அது ஒன்றுதான். எதிரே தையல் மெஷினில் உட்கார்ந்து தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கூப்பிட்டுச் சொன்னார்: "குழி குளத்து மேட்டுல இல்லீங்க மேஸ்திரி, நாலு காலோட உங்க வண்டிக்கு முன்னால நிக்குதுங்க."

மாமியின் சட்டம்

அக்கிரகாரத்தில் நான் செய்த தப்பை எஸ்டேட்டிலிருந்து வந்தவன்தான் செய்வான். சாப்பிட்ட இலை, நறுக்கின காயின் தோல், சுவாமிக்குச் சாத்தின பூ மூன்றையும் ஒரே கூடையில் வாங்கினேன். பங்களாவில் துரை சாப்பிட்ட மிச்சமும் மேஜை மேல் வாடிய பூவும் ஒன்றாகத்தானே வரும்! வாத்தியார் வீட்டு விசாலம் மாமி பார்த்துவிட்டார். அன்றைக்கே தெரு முழுக்கக் கதவு சாத்திக்கொண்டது.

மூன்று நாள் வெறும் வண்டியை ஓட்டிய பிறகு மாமியிடமே போய் நின்றேன். மாமி சட்டம் சொன்னார். எச்சில் இலைக்கு ஒரு கூடை. எச்சில் படாத தோலுக்கு ஒரு கூடை. நிர்மால்யப் பூவுக்கு ஒரு கூடை, அதுவும் வண்டியில் உயரத்தில் தொங்க வேண்டும். அப்படியே செய்தேன், கதவுகள் திறந்தன. ஆனால் எனக்கு மனசு உறுத்தல். பொய் சொல்லிக் குப்பை வாங்குகிற மாதிரி இருந்தது. ஒரு நாள் துணிந்து, குழியில் எல்லாம் ஒன்றாகத்தான் விழுகிறது மாமி என்று சொல்லியே விட்டேன். மாமி வாசல் கோலத்தின் கடைசிப் புள்ளியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அது எனக்குத் தெரியாதாக்கும்? என் கண் முன்னாடி ஒண்ணாப் போடாதே. அவ்வளவுதான் நான் சொன்னது."

ராவுத்தர் வீட்டுக் கல்யாணம்

துணிக்கடை ராவுத்தர் மகளுக்குக் கல்யாணம். ஊரே திரண்டு சாப்பிட்ட பிரியாணி. இலை மலையாகக் குவியும் என்று வண்டியோடு கொல்லைப்புறம் போய் நின்றேன். எனக்கு முன்னாலேயே மாராக்காள் பானைகளோடு நின்றுகொண்டிருந்தாள். நான் கிழக்கே பார்த்தேன், அவள் மேற்கே பார்த்தாள். எது யாருக்கு என்ற சண்டை எப்படியும் வரும் என்று இருவரும் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தோம்.

ராவுத்தர் தேடிக்கொண்டு வந்தார். எங்கள் இருவரையும் பந்தலுக்கே அழைத்துப் போய்த் தனித்தனியாகப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். குப்பை எடுக்கிறவனைப் பந்தியில் உட்கார வைத்தவர் அதுவரை யாரும் இல்லை. கூச்சத்தில் எழுந்திருக்கப் பார்த்தேன். வண்டி வெயிலில் நிற்கிறது, முதலில் இலையை எடுத்துவிடுகிறேன் என்று சாக்குச் சொன்னேன். அவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "பசியோட யாரும் எங்கூட்டு எலைய எடுக்கக்கூடாதுங்க. மொதல்ல உங்க எலைல சாப்புடுங்க. அப்பறம் மத்த எலையெல்லாம் எடுக்கலாமுங்க."

பிரசிடெண்டின் குடை

விருச்சிக மாதம், நம் கார்த்திகையில், பிரசிடெண்ட் குழியைப் பார்க்க வந்தார். அன்று காலையில்தான் கம்பியைக் குழிக்குள் செருகி எடுத்துத் தொட்டுப் பார்த்திருந்தேன். சூடாக வரவேண்டிய கம்பி கிணற்றுக் கயிறு போல் சில்லென்று வந்தது. சருகுக்கு ஈடாகப் பச்சையும் சாணியும் விழவில்லை. பச்சை மாராக்காளுக்கு, சாணி வரட்டிக்கு. பிரசிடெண்ட் தன் குடையைக் குழியில் ஊன்றினார். குடை முனையில் குத்திக்கொண்டு வந்தது ஒரு பலா இலை, விழுந்த நாளில் இருந்தபடியே. அவர் அதை என் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் கடிதம் காத்திருந்தது. சித்திரை மாதத்துக்குள் வந்தால்தான் பாக்டரி வேலை என்று எழுதியிருந்தான். பாவாயி சோறு போட்டு மோர் ஊற்றினாள். கெட்டியான எருமை மோர். இரண்டாம் கவளத்தில்தான் எனக்கு உறைத்தது, நம் வீட்டில் ஏது மாடு? ஏது எருமை? இத்தனை நாளாக நான் குடிக்கிற மோர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். என் வீட்டுக் காய்த்தோல் தினமும் நான் வண்டி பூட்டிப் போன பிறகு மாராக்காள் பானைக்குப் போய்க்கொண்டிருந்தது. பாவாயி கொஞ்சமும் கலங்கவில்லை. "ஊரெல்லாம் கேட்டீங்க. நம்மூட்டுல ஒரு நாளாச்சுங் கேட்டீங்களா?"

உடன்படிக்கை

சிரித்து முடித்த பிறகு பாவாயியே வழியும் சொன்னாள். மாராக்காள் எருமைக்குத் தேடுவது தோல். நான் குழிக்குத் தேடுவது சாணி. அவளிடம் சாணி இருக்கிறது, என்னிடம் வண்டி இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே தெருவில் எதற்கு முறைத்துக்கொண்டு திரிய வேண்டும் என்றாள். மறுநாள் பாவாயியே முன்னால் போய்ப் பேசினாள். ஊர்த் தாழிகளையெல்லாம் என் வண்டி காலி செய்யும். எருமை தின்பதெல்லாம் தொழுவத்தில் இறங்கும். தொழுவத்துச் சாணியும் மூத்திரத்தில் ஊறிய கூளமும் அதே வண்டியில் குழிக்கு ஏறும். வரட்டி தட்டுவது நின்றுபோகுமே என்று மாராக்காள் முதலில் இழுத்தாள். பிறகு ஒரு வாரம் பார்க்கலாம் என்றாள்.

முதல் நாள் அவளும் வண்டியோடு வந்தாள், நான் தாழிகளைச் சரியாக வழிக்கிறேனா என்று பார்க்க. கைவீசிக்கொண்டு நடந்தாள். தெருக்கோடியில் நின்று மேலே ஒரு மாடி வீட்டைப் பார்த்து, இது எப்போது கட்டினது என்று கேட்டாள். கட்டி நாலு வருஷம் ஆயிற்று என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "தலையில பானைய வெச்சுட்டு நடந்தா நெலத்தைத்தானுங்க பாக்க முடியும். இந்தத் தெருவை நா இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

முழங்கால் வைத்தியம்

தனு மாதம், அதாவது மார்கழி, பிறந்ததும் மலை இடைவெளி வழியாகக் காற்று அடிக்கத் தொடங்கியது. குழியிலும் ஆவி கிளம்பியது. கம்பியைச் செருகி எடுத்துத் தொட்டேன், விரல் சுட்டது. அப்படி ஒரு சந்தோஷத்தோடு கை சுட்டுக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஓடிப்போய்ப் பாவாயியைக் கூட்டிவந்து தொடச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போனால் குழி மேல் ஆறுமுகக் கவுண்டர் உட்கார்ந்திருந்தார். வயலும் புன்செய்க் காடும் நிறைய உள்ள பெரிய குடியானவர். முழங்கால் வாதம். மேலே மூடிய மண்ணில் சாக்கை விரித்துக் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு தினமும் வந்தார். வலி பாதியாகக் குறைந்ததாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. முதல் வண்டி உரம் இவருக்குத்தான் என்று மனசுக்குள் முடிவே செய்து, விஷுவுக்கு முன்னால் குழியைத் திறந்து தந்துவிடுகிறேன் என்றேன். கவுண்டர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "தொறந்துபோட்டா என்ற காலுக்கு என்னுங்க வழி?"

உப்பு

மீன மாதம், பங்குனியில், முதல் குழியைத் திறந்தோம். கறுப்பாக, உதிரி உதிரியாக, மழை விழுந்த மண் வாசனையோடு இருந்தது. குடியானவர்கள் வந்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், நல்ல உரம் என்றார்கள். எடுத்துப் போகத்தான் ஆளில்லை. ஊர் எச்சிலைத் தன் காட்டில் எப்படிப் போடுவது என்று ஒருவர் சொன்னதும் மற்றவர்களும் கையைத் தட்டிக்கொண்டார்கள். ஆறுமுகக் கவுண்டர்கூட, யாராவது முன்னால் எடுக்கட்டும் என்று ஒதுங்கிவிட்டார். பிரசிடெண்ட் வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம் என்றார்.

வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. பாவாயி என் சட்டைகளை மடித்து வைத்திருந்தாள். அதற்குக் கீழே அவள் புடவைகளும் இருந்தன. அட்டைக்கும் குளிருக்கும் பயந்து ஓடிவந்தவள், என்னைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்பதை இப்படிச் சொல்கிறாள். அவள் அடுக்களையிலிருந்து ஒரு ஜாடியைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "அட்டை கடிச்சா உப்பு வெக்கோணும்னீங்களே. இது பத்துமுங்களா?"

திரும்பி நின்ற மாமி

வெள்ளிக்கிழமை பிரசிடெண்டும் கவுண்டரும் இன்னும் ஏழெட்டுக் குடியானவர்களும் குளத்து மேட்டில் நின்றிருந்தார்கள். மண்ணைப் போட்டு மூட ஆள் வந்தாயிற்று. அப்போது குளத்தில் குளித்துவிட்டு ஈரப் புடவையும் பித்தளைக் குடமுமாக விசாலம் மாமி படியேறி வந்தார். பின்னால் வேலைக்காரப் பெண் கையில் ஒரு வெறுங்கூடை.

மாமி நேராக என்னிடம் வந்தார். கொல்லையில் நேந்திர வாழை வைத்திருக்கிறார், ஓணத்துக்குக் குலை வெட்ட வேண்டும், உரம் வேண்டும். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பூக்கூடையிலிருந்து வந்த உரம் எது என்று கேட்டார். குழியில் இருந்தது ஒரே உரம். பூவும் எலும்பும் டீச்சக்கையும் எருமைச் சாணியும் எது எதுவென்று அந்தக் குழிக்கே தெரியாது. கவுண்டர் என் வாயைப் பார்த்தார். பிரசிடெண்ட் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் ஒரு மூச்சு யோசித்துவிட்டு இடது மூலையைக் காட்டினேன். மாமி அந்த மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. பிறகு குளக்கரை அரசமரத்தின் பக்கமாக முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். "நீ நிறைச்சுப் போடு. நான் மரத்தைப் பாத்துண்டிருக்கேன்."

மாமியின் கூடைக்குப் பின்னால் கவுண்டரின் வண்டி வந்தது, மூன்றாவது குழியைத் தன் முழங்காலுக்காக மூடியே வைக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. மற்றவர்களின் வண்டிகள் அன்று மாலைக்குள் வந்துவிட்டன. உப்பு ஜாடி அடுக்களைக்குத் திரும்பியது.

எனக்கு ஸ்திர உத்தரவு வந்து ஊரே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குப்பை கொடுக்கத் தொடங்கிய பிறகும், என் சொந்த வீட்டுக் காய்த்தோல் மட்டும் பழையபடி மாராக்காள் பானைக்கே போனது, ஒரு நாள்கூட என் வண்டியில் ஏறியதில்லை.